அம்மாவின் பிரஷர் குளிசை காலையிலா, இரவிலா? கிளினிக்கில் 172, வீட்டில் 134

ஏழாலை ரீச்சர்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். சுருக்கமாகக் கேட்டால் "டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்று ஒரு வரியில் முடித்துவிடுவீர்கள். டொக்டரிடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அம்மாவுக்கு 74 வயது. பிரஷர் வந்து பதினாறு வருடம், சீனி வந்து ஆறு வருடம். மாதம் ஒருமுறை கிளினிக். லொசாட்டன் 50 காலையும் இரவும், அம்லோடிப்பின் 5 காலையில், சீனிக்கு மெற்போமின், கொழுப்புக்கு ஒன்று இரவில். எல்லாம் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள், கிளினிக் கொப்பியோடு சேர்ந்து, சாமித்தட்டுக்குக் கீழே இருக்கும். இவ்வளவு நாளும் பெரிய பிரச்சினை இல்லை. கிளினிக்கில் 150, 154 என்று எழுதுவார்கள். "உப்பைக் குறையுங்கோ அம்மா" என்பார்கள். அம்மாவும் ஓம் என்றுவிட்டு வந்து, மத்தியானம் மோர்மிளகாய் பொரிப்பார்.

மாசியில் ரொறன்ரோவிலிருந்து அண்ணாவின் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். பிரஷர் குளிசையைப் படுக்கப் போகும்போது போட்டால் மாரடைப்பும் பாரிசவாதமும் பாதியாகக் குறையுமாம், ஸ்பெயினில் பத்தொன்பதாயிரம் பேரை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். நான் பத்து வருடமாகச் சொல்லும் ஒன்றையும் கேட்காத அம்மா இதை அன்றைக்கே கேட்டுவிட்டார். "கனடாப் பிள்ளை எனக்குப் பொய் சொல்லுமே?" அன்றிலிருந்து பிரஷர் குளிசை அத்தனையும் இரவு பத்தரைக்கு, ரீவி நாடகம் முடிந்த கையோடு.

அடுத்த கிளினிக்கில் 172/96. "குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?" என்று டொக்டர் கேட்டார். "ஒரு நாளும் விடுறேல்லை" என்றார் அம்மா. நூறு பேருக்கு மேல் இருந்த நாள் அது, அவரும் என்ன செய்வார். பிரசோசின் என்று ஒரு குளிசை கூட்டினார்கள், நாளுக்கு இரண்டு முறை. அம்மா அதையும் இரண்டாகச் சேர்த்து இரவுக் கூட்டத்தோடு போடத் தொடங்கினார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பத்து நாள் போயிருக்கும். விடியப்பறம் மூன்று மணி. எங்கள் வீட்டில் கழிப்பறை வெளியே, முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். அம்மா எழும்பினார், நாலு அடி வைத்தார், தலை சுற்றியது, பிடிக்க ஒன்றும் அகப்படாமல் உடுப்புக்கொடியைப் பிடித்தார். கொடி அறுந்து சேலைகளோடு கீழே வந்தது, அம்மாவும் அதன்மேல். நான் ஓடிப்போய்த் தூக்கும்போது முழங்காலில் உரசல் மட்டும். அம்மாவின் கவலை வேறு: "ஐயோ, எல்லாத்தையும் திருப்பித் தோய்க்க வேணும்."

அடுத்த நாள் எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவரிடம் பிரஷர் மிஷின் இரவல் வாங்கி வந்தேன். கையில் கட்டி பட்டனை அமத்தும் சாதாரண மிஷின். வந்த கணக்கு: 134/78, 138/80, 131/76. கிளினிக்கில் 172, வீட்டில் 134. எதை நம்புவது? இரவில் போடச் சொன்ன ஆராய்ச்சி உண்மையா? அந்தப் புதுக் குளிசையை நானாக நிற்பாட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம் கடைக்காரன்:

ரீச்சர், அந்தக் கைமிஷின்களை நம்ப வேண்டாம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. கடையில் இருந்து பார்த்தால் 165, வீட்டில் 150, மனிசி பார்த்தால் 142. ஒரே கை, ஒரே மனுசன். கிளினிக்கில் பாதரசம் வைத்துப் பார்ப்பதுதான் சரியான கணக்கு.

பழைய மிஸி:

பிள்ளை, நான் முப்பத்தொரு வருடம் வார்டிலும் கிளினிக்கிலும் நின்றவள், இப்போது பென்சன். குளிசை விஷயத்தை டொக்டர்மார் சொல்லட்டும். எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். நீங்களாக யோசித்து எழுத வேண்டாம், கேட்டு எழுதுங்கள்.

கிளினிக்குக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட்டவ? அன்றைக்கு இரத்தம் எடுத்தார்களா, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களா? பிரஷர் பார்க்க முதல் எவ்வளவு நேரம் இருந்தவ, அல்லது வரிசையில் நின்று வந்து கதிரையில் குந்தினவுடனே கட்டினார்களா? கை எங்கே இருந்தது, மேசையிலா, மடியிலா, தொங்கிக்கொண்டா? பக்கத்தில் இருந்த ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தவவா?

கடைசியாக, முக்கியமான கேள்வி. கிளினிக்குக்கு முதல்நாள் இரவு குளிசை போட்டவவா?

நான் நின்ற காலத்தில் வரிசையில் பத்துப் பேரில் நாலு பேராவது அன்றைக்குக் குளிசை போடாமல்தான் வருவார்கள். ஒருவரும் பொய் சொல்வதில்லை. "ஒழுங்காப் போடுறீங்களோ" என்றால் ஓம் என்பார்கள். "இண்டைக்குப் போட்டனீங்களோ" என்றால்தான் முழிப்பார்கள்.

கடைக்காரத் தம்பிக்கு: கடையில் கல்லாவில் இருந்துகொண்டு, ஆளோடு விலை பேசிக்கொண்டு பார்த்தால் 165 வராமல் என்ன வரும்?

ஏழாலை ரீச்சர்:

மிஸி, கேட்டேன். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரத்தம் எடுக்கிறதுக்கு இரவு பத்து மணிக்குப் பிறகு ஒண்டும் வாயில வைக்கக் கூடாது, தண்ணி மட்டும் எண்டவை. குளிசை தண்ணியே?"

அம்மா குளிசை போடுவது பத்தரைக்கு. பத்து மணிக்குப் பிறகு. கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஆக, கடைசியாகக் குளிசை போட்டது ஞாயிறு இரவு. திங்கள் இரவு ஒன்றும் இல்லை. செவ்வாய் காலை ஒன்பதரைக்குப் பிரஷர் பார்த்திருக்கிறார்கள். கணக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான், விரல்விட்டு எண்ணினேன்: 35 மணித்தியாலம்.

இன்னும் இருக்கிறது. முந்தியும் கிளினிக் நாளில் காலைக் குளிசை போடுவதில்லையாம். இரத்தம் எடுக்காத மாதத்திலும் இல்லையாம், "பழக்கமாப் போச்சு". அப்படியென்றால் அந்த 150, 154 எல்லாம் பாதி மருந்தில் வந்த கணக்கு. பதினாறு வருடக் கொப்பியில் எத்தனை இலக்கம் இப்படி என்று யாருக்குத் தெரியும்.

மற்றக் கேள்விகளுக்கு: காலை ஐந்தரைக்கு ஓட்டோவில் போய் நம்பர் எடுத்தோம். அம்மா வாங்கில் இருந்தது உண்மைதான், ஆனால் பெயர் கூப்பிட்டதும் எழும்பி ஓடிப்போய் இருந்தவுடனே கட்டினார்கள். கை தொங்கிக்கொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். கதைத்தவவா என்று கேட்காதீர்கள். அம்மா கிளினிக்குக்குப் போவதே அதற்குத்தான்.

தீவுப்பகுதி டொக்டர்:

மிஸி என் வேலையில் முக்கால்வாசியை முடித்துவிட்டார். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

முதலில் அவசரமானது. விழுந்திருக்கிறார், அதுவும் பிரசோசின் தொடங்கிய பிறகு, அதுவும் இரண்டு நேரத்துக் குளிசையை ஒரே நேரத்தில். அந்த மருந்துக்கு எழும்பும்போது பிரஷரைக் கீழே தள்ளும் குணம் உண்டு, வயதானவர்களுக்குக் கூடுதலாக. அடுத்த கிளினிக் தேதி வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே கொப்பியோடு போய், விழுந்ததையும் குளிசை போட்ட விதத்தையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிற்பாட்ட வேண்டாம், அங்கே கேட்டுச் செய்யுங்கள். போக முதல் வீட்டில் ஒரு காரியம்: அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷர் பாருங்கள். எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. மேல் இலக்கம் 20 அல்லது கீழ் இலக்கம் 10 விழுந்தால் அதைக் கொப்பியில் பெரிதாக எழுதிக் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், இன்னொரு கொடி அறுக்க வேண்டாம்.

இனி ஸ்பெயின் கதை. உங்கள் மருமகன் பொய் சொல்லவில்லை, பழைய செய்தி சொல்லியிருக்கிறார். 2019இல் வந்த ஹைஜியா என்ற ஆய்வு அது, 19,084 பேர். படுக்கும்போது குளிசை போட்டவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை 45 வீதம் குறைவு என்று எழுதினார்கள். வந்த உடனேயே பலருக்குச் சந்தேகம். வெறும் நேரத்தை மாற்றி அவ்வளவு பலன் என்றால், அது மருந்தே தரும் பலனைவிடக் கூட. ஆட்களை எப்படிக் குழுவாகப் பிரித்தார்கள் என்பதிலும் கேள்வி எழுந்தது. ஆனால் வீடியோக்களுக்கு இதெல்லாம் தேவையில்லையே. "பாதியாகக் குறையும்" என்பது வட்ஸ்அப்பில் ஓடுகிற வசனம்.

பிறகு 2022இல் பிரித்தானியாவிலிருந்து டைம் என்ற ஆய்வு லான்செற் மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. டண்டீ பல்கலைக்கழகம் நடத்தியது. 21,104 பேர், சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். மாரடைப்பு, பாரிசவாதம், இரத்தக்குழாய் நோயால் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணியதில் இரவில் போட்டவர்களில் 3.4 வீதம், காலையில் போட்டவர்களில் 3.7 வீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 2025இல் கனடாவிலிருந்தே பெட்மெட் என்ற ஆய்வு வந்தது. ஐந்து மாகாணங்களில் 436 குடும்ப வைத்தியர்களும் அவர்களைப் போன்ற ஆரம்பப் பராமரிப்பாளர்களும், அவர்களிடம் வருகிற 3,357 நோயாளிகள். அதிலும் அதே முடிவு. முதியோர் இல்லங்களில் தனியாகச் செய்து பார்த்தார்கள், அங்கேயும் அதே முடிவு. மருமகனுக்கு இதை அனுப்பிவிடுங்கள், அவருடைய நாட்டுச் சரக்கு.

டைம் ஆய்வில் எனக்குப் பிடித்த இலக்கம் வேறு. சொன்ன நேரத்தில் போடாமல் விட்டதாகச் சொன்னவர்கள் காலைக் குழுவில் 22.5 வீதம், இரவுக் குழுவில் 39 வீதம். காலையில் தேத்தண்ணி இருக்கிறது, பல் விளக்குவது இருக்கிறது, குளிசை அதோடு ஒட்டிக்கொள்கிறது. இரவில் நித்திரை வந்துவிடும், விருந்தாளி வந்துவிடுவார், கரண்ட் போய்விடும். இரவுக் குழுவினர் அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருப்பதாகவும் கூடுதலாகச் சொன்னார்கள். கழிப்பறை முற்றத்துக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. (நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: தலைச்சுற்று என்று சொன்னவர்கள் காலைக் குழுவில்தான் சற்றுக் கூட. உங்கள் அம்மா விழுந்ததற்கு இரவு மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.) ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2024 வழிகாட்டியும் அவரவருக்கு வசதியான நேரத்தில், பழக்கமாகிப்போகிற நேரத்தில் போடுங்கள் என்றுதான் சொல்கிறது.

இரத்தம் எடுக்கும் நாளில் பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும்தான் சாப்பிடாமல் போடக் கூடாதவை. அவற்றை இரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு. இதை நாங்கள்தான் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும், சொல்வதில்லை. நான் இருக்கும் இடத்துக்கு ஆட்கள் படகிலும் பஸ்ஸிலும் வருவார்கள். எச்.சி.ரி என்ற சலக்குளிசை போட்டால் அடிக்கடி சலம் போகும், படகில் எங்கே போவது? அதனால் அன்றைக்கு அதை விட்டுவிட்டு வருவார்கள். நான் முதல் ஆறு மாதம் அவர்களுக்கு மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆச்சிதான் ஒருநாள் சொன்னார்: "தம்பி, நீங்கள் தாறது நல்ல மருந்து, ஆனா குறிகட்டுவான் துறை தாண்டினாப் பிறகுதான் போடலாம்." அதற்குப் பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி மிஸியின் கேள்விதான்.

எந்த இலக்கத்தை நம்புவது? இரண்டையும், ஆனால் ஒழுங்காக எடுத்தால். கையைப் பற்றி மிஸி கேட்டது சும்மா இல்லை. 2024இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் 133 பேருக்கு மூன்று விதமாகப் பார்த்தார்கள். மேசையில் தாங்கி வைத்த கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்த கை மேல் இலக்கத்தை 3.9 கூட்டிக் காட்டியது, பக்கத்தில் தொங்கவிட்ட கை 6.5. குளிசை போடாதது, ஓடி வந்தது, கதை, தொங்கிய கை, எல்லாம் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன.

வீட்டில் ஏழு நாள் பாருங்கள். காலையில் குளிசைக்கு முதல் இரண்டு தரம், ஒரு நிமிட இடைவெளி. இரவிலும் இரண்டு தரம். முதல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில், கை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு. முதல்நாள் இலக்கங்களைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85க்கு மேல் என்றால்தான் கூட என்று எடுப்போம். கிளினிக்கில் 140/90 என்பதற்கு வீட்டில் அதுதான் சமம்.

சுன்னாகம் கடைக்காரன்:

டொக்டர், கையை மேசையில் வைத்து, வாயை மூடிக்கொண்டு, மனிசி ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்து நின்று எடுத்ததில் 148. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கை பருமன். மிஷினோடு வந்த துணி ஒரு சுற்றுக்குக் கஷ்டப்பட்டுத்தான் ஒட்டுகிறது. அது பரவாயில்லையா? இன்னொன்று, மூன்று மருந்தும் ஒரே குளிசையில் வருகிறதாமே, உண்மையா? நான் போடுவதே நாலு.

தீவுப்பகுதி டொக்டர்:

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஹொப்கின்ஸின் அதே குழு 2023இல் 195 பேரில் கஃப்பின், அதாவது கையில் சுற்றும் அந்தத் துணியின், அளவையும் பார்த்தது. பெரிய கஃப் தேவையானவர்களுக்குச் சாதாரணக் கஃப் கட்டியதில் ஏறக்குறைய 5 கூடக் காட்டியது. அதையும்விடப் பெரியது தேவையானவர்களுக்கு 19.5. மேற்கையின் நடுவில் தையல்காரரின் நாடாவால் அளந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று பாருங்கள். கஃப்பிலேயே அளவு அச்சடித்திருக்கும். 32க்கு மேல் என்றால் பெரியது வாங்குங்கள். அதற்குப் பிறகும் 148 வந்தால் அது பிரஷர்தான், கிளினிக்குக்குப் போங்கள்.

மூன்று மருந்துக் குளிசை உண்மை. அதைச் சோதித்துப் பார்த்ததே நம் நாட்டில்தான், இதை ஒருவரும் வீடியோவில் சொல்வதில்லை. ட்ரையம்ஃப் என்று பெயர். இலங்கையில் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேர், 2018இல் ஜாமா சஞ்சிகையில் வந்தது. ரெல்மிசாட்டன் 20, அம்லோடிப்பின் 2.5, குளோர்தலிடோன் 12.5, மூன்றும் அரை அளவில் ஒரே குளிசையாக. ஆறு மாதத்தில் பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் அந்தக் குழுவில் 70 வீதம், வழமையான மருந்து எடுத்தவர்களில் 55. ஒரு மருந்தை உச்சத்துக்குத் தள்ளுவதைவிட மூன்றைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நல்லது என்ற எண்ணம். குளோர்தலிடோனுக்குப் பதிலாக இன்டபமைட் சேர்ந்த, இதே மாதிரியான குளிசை ஒன்றுக்கு அமெரிக்கா 2025இல் அனுமதி கொடுத்தது. உங்கள் நாலையும் ஒன்றாக்கலாமா என்பது உங்கள் கொப்பியைப் பார்த்தால்தான் சொல்லலாம்.

ஸ்காபரோ மாமி:

எல்லாரும் குளிசையையே கதைக்கிறீர்கள், உப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இங்கே சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது, பொட்டாசியம் கலந்தது. சீனாவில் 600 கிராமங்களில் பெரிய ஆராய்ச்சி செய்து பாரிசவாதம் குறைந்தது என்று வந்தது. ரீச்சர், ஆடியில் ஆட்கள் வருகிறார்கள், இரண்டு போத்தல் கொடுத்துவிடவா?

தீவுப்பகுதி டொக்டர்:

மாமி சொல்லும் ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. 2021இல் வந்தது, கிட்டத்தட்ட 21,000 பேர். உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது, மரணமும் 12 வீதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தை உடலில் நிறுத்தும் சலக்குளிசை எடுப்பவர்களையும் அதில் சேர்க்கவில்லை. ரீச்சரின் அம்மாவுக்குச் சீனி ஆறு வருடம், போடுவது லொசாட்டன். லொசாட்டனும் பொட்டாசியத்தைக் கூட்டும். இரத்தத்தில் கிரியற்றினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்) பொட்டாசியமும் பார்த்த பிறகுதான் அந்தப் போத்தலைத் திறக்கலாம். அதுவரை சாதாரண உப்பையே குறையுங்கள். மோர்மிளகாய் என்று முதல் பதிவில் வாசித்தேன், மறக்கவில்லை.

பழைய மிஸி:

கருவாட்டையும் ஊறுகாயையும் விட்டுவிட்டீர்களே டொக்டர்.

ஏழாலை ரீச்சர்:

இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்க வேண்டும், தவணைப் பரீட்சை.

டொக்டர் சொன்னபடி படுக்க வைத்துப் பார்த்தேன்: 136/78. எழுந்து ஒரு நிமிடத்தில் 112/66. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றார். நான் அந்த 112ஐச் சிவப்புப் பேனையால் எழுதி வட்டம் போட்டேன், பிள்ளைகளின் கொப்பிக்குப் போடுவதுபோல.

அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனோம். வேறொரு டொக்டர், இளம் பிள்ளை. சிவப்பு வட்டத்தைப் பார்த்தவுடன் "இது யார் பார்த்தது?" என்று கேட்டார். பிறகு தானே அம்மாவை நிறுத்தி வைத்துப் பார்த்தார், அவருக்கும் 114 வந்தது. முப்பத்தைந்து மணித்தியாலக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, கொப்பியில் எழுதினார். பிரசோசினை நிற்பாட்டிவிட்டார். அம்லோடிப்பின் காலையில், லொசாட்டன் பழையபடி காலையும் இரவும், இரவு போடுவது எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு. இரத்தம் எடுக்கும் நாளிலும் பிரஷர் குளிசை விடக் கூடாது என்று கொப்பியின் முன்மட்டையிலேயே தமிழில் எழுதித் தந்தார். கிரியற்றினினுக்கும் பொட்டாசியத்துக்கும் துண்டு தந்திருக்கிறார், ஆகவே ஸ்காபரோ மாமி போத்தலைக் கொஞ்சம் வைத்திருங்கள்.

பிரசோசின் இல்லாமல் ஏழு நாள் பார்த்தோம். முதல்நாளைத் தள்ளி, மிச்ச ஆறு நாள், 24 இலக்கம். சராசரி 137/79. 135ஐவிட இரண்டு கூடத்தான். கொப்பியில் அதையும் எழுதியிருக்கிறேன், அடுத்த முறை காட்ட வேண்டும். எழுந்து நிற்கும்போது இப்போது 130.

கஷ்டம் குளிசையில் இல்லை, அந்த ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பதில்தான். மூன்றாம் நாள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால் வாய் அசைகிறது. தேவாரம். அதுவும் கதைதானே என்று மிஸியிடம் கேட்கச் சொன்னார்.

இன்னொன்று. மிஷினைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறேன். அம்மாவின் கை 23 சென்ரிமீற்றர். சின்னக் கஃப் வேண்டுமா?

பழைய மிஸி:

தேவாரமும் கதைதான், மனதுக்குள் படிக்கச் சொல்லுங்கள்.

கஃப்பில் 22 முதல் 32 என்று அச்சடித்திருந்தால் 23க்குச் சரி, சின்னது தேவையில்லை. மணிக்கட்டில் கட்டுகிற மிஷினைக் காட்டுவார்கள், வேண்டாம், மேற்கையில் கட்டுவதையே வாங்குங்கள். அம்மாவையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் கட்டிப் பார்த்து வாங்குங்கள். முதல் தரம் கிளினிக்குக்குப் போகும்போது அந்த மிஷினையும் பையில் வைத்துக்கொண்டு போய், அங்கே பார்க்கும் இலக்கத்தோடு ஒருக்கால் ஒப்பிட்டுவிடுங்கள்.